பயப்படும் பிள்ளைகளுக்கு சிபிடி: கேட்டதும் சொன்னதும்

8 வயது மகள் தனியாகத் தூங்க மாட்டேன் என்கிறாள். சிபிடி என்றால் பேசிப் புரியவைப்பதுதானே மேடம்?

சிபிடி (Cognitive Behavioural Therapy) என்பது எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றப் பழக்கும் மனநல சிகிச்சை. பேச்சு அதில் பாதிகூட இல்லை. "பேய் எல்லாம் கிடையாது" என்று நீங்களே நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். முதல் சில அமர்வுகளில் பயம் உடம்பில் எங்கே தெரிகிறது, அப்போது மனசு என்ன சொல்கிறது என்று அவளோடு சேர்ந்து பார்ப்போம். அப்புறம் பய ஏணி: பயப்படும் விஷயங்களைக் குறைந்த பயத்திலிருந்து அதிக பயம் வரை படிப்படியாக அடுக்குவது. 0 முதல் 10 வரை அவளே மார்க் போடுவாள். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தால் 3, நாற்காலி வாசலுக்குப் போனால் 5, அம்மா அடுத்த அறையில் இருந்தால் 8. 3-இல் ஆரம்பித்து, "போர் அடிக்குதும்மா" என்று அவளே சொல்லும்வரை அதே படியில் இருங்கள்.

நான் கவுன்சிலர். மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு எல்லாம் கற்றுக்கொடுக்கிறேன். என் அறையில் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். வெளியே போனால் பழைய கதை.

என் முதல் சில வருடங்களும் இப்படித்தான் போயின. பிள்ளை அழுதுவிடுமோ என்று நமக்கே பயம். அதனால் பயந்ததைச் செய்துபார்க்கும் கட்டத்தை "அடுத்த வாரம்" என்று தள்ளிக்கொண்டே போவோம். பதற்றமுள்ள பிள்ளைகளுக்காக அமெரிக்க உளவியலாளர் பிலிப் கெண்டல் வகுத்த 16 அமர்வு சிபிடி திட்டத்தில் பின்பாதி முழுக்க அந்தப் பயிற்சிதான். இதொன்றும் புதிதும் இல்லை: முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனிடம் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்ததை எழுதியது 1924-இல்.

அறையை விட்டு வெளியே வாருங்கள். அந்நியரிடம் பேசப் பயந்த ஒரு பையனை வரவேற்பு மேசைக்கு அனுப்பி, மணி கேட்டு வரச் சொன்னேன். போகும் முன், "என்ன நடக்கும்?" என்றேன். "சிரிப்பாங்க." திரும்பி வந்ததும் அதே கேள்வி. "அவங்க என்னைப் பார்க்கவே இல்ல, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க." கொஞ்சம் ஏமாந்த மாதிரிகூட இருந்தது அவன் முகம்! பத்து தடவை மூச்சு இழுத்துவிட்டிருந்தால் இது அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும்: பள்ளிக்குப் பயப்படுகிற பிள்ளையை அங்கே யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். நிஜமான ஆபத்துக்கு ஏணி போடக்கூடாது.

மகன் தெரபிக்கு வரவே மறுக்கிறான். நாங்கள் மட்டும் வந்தால் பலன் உண்டா?

உண்டு. பயத்தைத் தவிர்க்க அவனுக்கு நீங்கள் செய்துதரும் உதவிகளைக் குறைப்பதுதான் வேலை: அவனுக்குப் பதிலாகப் பேசுவது, "ஒன்றும் ஆகாது" என்று ஒரே பதிலை இருபது தடவை சொல்வது. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழு 124 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2020-இல் வெளியிட்டது. பெற்றோருக்கு மட்டும் அளித்த பயிற்சி, பிள்ளைக்கு நேரடியாக அளித்த சிபிடிக்குக் குறையாமல் பலன் தந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை தேவையா?

எல்லாருக்கும் இல்லை. 2008-இல் வெளியான ஆய்வில் பதற்றக் கோளாறு உள்ள, 7 முதல் 17 வயது வரையான 488 பேர். 12 வாரத்தில் நன்கு தேறியவர்கள்: சிபிடியில் சுமார் 60%, செர்ட்ராலின் என்ற மாத்திரையில் 55%, இரண்டும் சேர்ந்தால் 81%, போலி மாத்திரையில் 24%. பதற்றம் கடுமையாக இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

எனக்கு 15 வயது. வகுப்பில் பதில் சொல்ல எழுந்தாலே குரல் நடுங்குகிறது. வாக்கியத்தை மனசுக்குள் ஐந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுவேன்.

அந்த ஐந்தை இரண்டாக்கு தம்பி. அப்புறம் ஒரு நாள், ஒத்திகையே இல்லாமல் எழுந்து, வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தடுமாறிச் சொல். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று எண்ணி எழுதிவை.