வெப் சர்வரில் யாரை முதலில் கவனிப்பது? கேள்வி பதில்

கோரிக்கைகளை வகுப்பு பிரித்துக் கவனிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை இணைத்துவிட்டேன்.

கேள்வி: சார், எங்கள் தளத்தில் காசு கட்டுகிறவர்களும் இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். காசு கட்டுகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் தளம் வேகமாகுமா?

ஆகாது. ஒருவருக்குக் குறைகிற காத்திருப்பு இன்னொருவர் தலையில் விழும், அவ்வளவுதான். வரிசைகளைக் கணிதமாக ஆராய்ந்த லியனார்ட் க்ளைன்ராக் இதை 1965-லேயே கணக்காகக் காட்டிவிட்டார். எந்தக் கோரிக்கை சின்னது, எது பெரியது என்று பார்க்காமல் வரிசையை மட்டும் மாற்றினால், ஒவ்வொரு வகுப்பும் தருகிற சுமைக்கு ஏற்ப எடை போட்டுக் கூட்டிய காத்திருப்பு மாறவே மாறாது.

இன்னொன்றும் உண்டு. சர்வர் பாதி சும்மா இருக்கும்போது முன்னுரிமைக்கு வேலையே இல்லை. பாடப்புத்தக மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கோரிக்கைக்கு 100 மில்லிவினாடி வேலை. சுமை 50 சதவீதம் என்றால் பதில் வர சராசரி 200 மில்லிவினாடி. 80 சதவீதத்தில் 500. 90-ல் ஒரு வினாடி. 95-ல் இரண்டு வினாடி. வகுப்பு பிரிப்பதன் பலன் அந்தக் கடைசி இரண்டு வரிகளில்தான் தெரியும்.

கேள்வி: அண்ணா, சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் பிராக்ஸி மென்பொருளான ஹெச்ஏபிராக்ஸியில் பிரயாரிட்டி கிளாஸ் (முன்னுரிமை எண்) போட்டேன். காசு கட்டுகிறவர்களுக்கு 100, மற்றவர்களுக்கு 0. ஒரு மாற்றமும் தெரியவில்லை.

தம்பி, இரண்டு தப்பு இருக்கிறது. சின்னதை முதலில் சொல்கிறேன். அந்த எண் -2047 முதல் 2047 வரை போகும், குறைந்த எண்தான் முதலில் போகும். நீங்கள் காசு கட்டுகிறவர்களைப் பின்னால் தள்ளியிருக்கிறீர்கள்.

அதுகூடத் தெரியாமல் போனதற்குக் காரணம் பெரிய தப்பு. உங்கள் கட்டமைப்புக் கோப்பின் சர்வர் வரியில் மேக்ஸ்கான், அதாவது ஒரே நேரத்தில் அந்த சர்வருக்குள் விடும் இணைப்புகளின் உச்சவரம்பு, போட்டிருக்க மாட்டீர்கள். புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, க்யூ (வரிசை) என்ற தலைப்பின் கீழ் 'கர்' (இப்போது நிற்பவை) கட்டத்தைப் பாருங்கள். நெரிசல் நேரத்திலும் அது 0 என்றே நிற்கும். அதாவது ஹெச்ஏபிராக்ஸியில் வரிசையே உருவாகவில்லை. வந்ததையெல்லாம் அது உடனே பின்னால் தள்ளிவிடுகிறது. கூட்டம் உங்கள் அப்ளிகேஷன் வாசலில் நிற்கிறது, அங்கே முன்னால் வந்தவருக்கே முதல் இடம். வரிசை எங்கே நிற்கிறதோ அங்கேதான் முன்னுரிமை செல்லும். ஆகவே வரிசையை உங்கள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இழுத்து வாருங்கள்.

மேக்ஸ்கான் எவ்வளவு என்று அடுத்துக் கேட்பீர்கள். லிட்டில் விதி போதும்: வரும் வேகத்தை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை. வினாடிக்கு 400 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிவினாடி என்றால், ஒரே நேரத்தில் உள்ளே இருப்பது 400 × 0.05 = 20. அதற்குச் சற்று மேலே வைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். தாராளமாக 500 என்று வைத்தால் பழைய கதைதான்.

கேள்வி: யார் எந்த வகுப்பு என்பதை எங்கே முடிவு செய்வது? குக்கீயா, ஹெடரா (கோரிக்கையோடு வரும் குறிப்பு வரி), ஐபி முகவரியா?

முன்வாசலில், மிக மலிவான வழியில். வகுப்பு கண்டுபிடிக்க டேட்டாபேஸைக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நெரிசலைக் குறைக்க நெரிசலிலேயே போய் நிற்பது அது. லாகின் செய்யும்போதே கையெழுத்திட்ட டோக்கனுக்குள் (பயனர் ஒவ்வொரு கோரிக்கையோடும் காட்டும் டிஜிட்டல் அடையாளச் சீட்டு) வகுப்பை எழுதிவிடுங்கள். பிராக்ஸி கையெழுத்தைச் சரிபார்த்து உள் ஹெடராக மாற்றி அனுப்பட்டும். வெளியிலிருந்து அதே பெயரில் வரும் ஹெடரை முதல் வேலையாக அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கே எல்லோரும் முதல் வகுப்பு ஆகிவிடுவார்கள்.

குக்கீயும் ஹெடரும் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைப் பிரித்த பிறகுதான் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு முன் கையில் இருப்பது ஐபி முகவரியும், பெரும்பாலும் ஹோஸ்ட் பெயரும்தான். அந்த மறையாக்கத்தைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்கிலேயே திணறும் அளவுக்குக் கூட்டம் என்றால், முக்கியமானவர்களுக்குத் தனி ஹோஸ்ட் பெயர் கொடுப்பது நல்லது.

கேள்வி: எச்டிடிபியிலேயே பிரயாரிட்டி ஹெடர் வந்துவிட்டதே, அது போதாதா?

அது வேறு. 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9218 என்ற இணையத் தர ஆவணம் சொல்வது அவசர எண் 0 முதல் 7 வரை (குறைந்த எண்தான் அவசரம்), ஒன்றும் சொல்லாவிட்டால் 3. ஒரு பிரவுசர் தனக்கு வேண்டியவற்றில் ஸ்டைல்ஷீட் (பக்கத்தின் தோற்றக் கோப்பு) முதலில், படம் பிறகு என்று கேட்பதற்கு அது. இரண்டு பயனர்களில் யார் முக்கியம் என்பதை அந்தப் பயனரிடமே கேட்க முடியாது அல்லவா?

கேள்வி: மேல் வகுப்பு தீர்ந்த பிறகே கீழ் வகுப்பு என்று கண்டிப்பான முன்னுரிமை வைத்தோம். மதிய நேரத்தில் இலவசப் பயனர்களுக்குப் பதிலே போவதில்லை.

மேல் வகுப்புக் கூட்டம் தீராதவரை கீழ் வகுப்பு பட்டினி கிடக்கும். எடை போட்டுப் பகிருங்கள்: ஒரு சுற்றில் மேல் வகுப்பில் 8, நடுவில் 3, கீழே 1 என்பதுபோல. கோரிக்கைகளின் கனம் ரொம்ப வேறுபட்டால் எண்ணிக்கைக்குப் பதில் செலவைக் கணக்கில் வையுங்கள். ஸ்ரீதர், வர்கீஸ் இருவரும் 1995-ல் நெட்வொர்க் பாக்கெட்டுகளுக்காகச் சொன்ன டெஃபிசிட் ரவுண்ட் ராபின் (சுற்றுக்கு இவ்வளவு செலவு என்று ஒதுக்கி, மீதியை அடுத்த சுற்றுக்கு வைப்பது) இங்கேயும் பொருந்தும். ஹெச்ஏபிராக்ஸியில் என்றால் கிளாஸை விட்டுவிட்டு பிரயாரிட்டி ஆஃப்செட் பயன்படுத்துங்கள். அது மில்லிவினாடிக் கணக்கு. -2000 கொடுத்தால் இரண்டு வினாடி முன்னதாகவே வந்தவர்போல் நடத்தும். அதற்கும் மேல் காத்திருந்தவரைத் தாண்ட முடியாது, பட்டினியும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

கேள்வி: யாரையும் திருப்பி அனுப்ப மனமில்லை. வரிசையை நீளமாக வைத்தால் என்ன?

எனக்கும் ஒரு காலத்தில் அந்த மனம் இருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் வரிசையில் 30 வினாடி வரை நிற்கலாம் என்று நானே வைத்தேன். மொபைல் ஆப் 10 வினாடியில் கைவிட்டு மறுபடி முயலும் என்பதை யோசிக்கவில்லை. கிளையன்ட் போய்விட்டால் கோரிக்கையை வரிசையிலிருந்து எடுக்கும் ஆப்ஷனும் போடவில்லை. ஒரு நாள் காலை, சிபியு 100 சதவீதம், பிழைப் பதிவு சுத்தம், ஆனால் ஒரு பயனருக்கும் பக்கம் திறக்கவில்லை. செய்த பதிலெல்லாம் போய்விட்டவர்களுக்கு. ஒவ்வொருவரும் மூன்று முறை முயன்றதால் கூட்டமும் மும்மடங்கு.

வரிசையில் நிற்கும் நேரத்தைக் கிளையன்ட் டைம்அவுட்டைவிட நன்றாகக் குறைத்து வையுங்கள். மீறினால் 503 ('இப்போது முடியாது' என்ற பதில் எண்), கூடவே எப்போது மறுபடி வரலாம் என்று சொல்லும் ரீட்ரை ஆஃப்டர் ஹெடர். ஒருவர் தன் ஒதுக்கீட்டைத் தாண்டினால் மட்டும் 429 ('அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்'). கீழ் வகுப்புக்கு இந்த நேரம் இன்னும் குறைவாக இருக்கட்டும். அரை வினாடியில் 'பிறகு வாருங்கள்' என்பது மரியாதைக் குறைவே இல்லை.

கேள்வி: காசுதான் அளவுகோலா?

முதலில் வேலையைப் பாருங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம். பணம் செலுத்தும் பக்கத்தில் நிற்கும் இலவசப் பயனர், அறிக்கை டவுன்லோடு செய்யும் பெரிய வாடிக்கையாளரைவிட அவசரம். எல்லாவற்றுக்கும் மேலே ஹெல்த் செக், அதாவது சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை. அது வரிசையில் மாட்டினால் சுமையைப் பங்கிடும் லோட் பேலன்சர் அந்த சர்வரைச் செத்துவிட்டதாக நினைத்து நீக்கும், சுமை மற்றவற்றின் மேல் விழும், அவையும் வரிசையாகச் சாயும்.

கேள்வி: நெட்வொர்க்கில் டிஎஸ்சிபி (ஒவ்வொரு பாக்கெட்டிலும் முன்னுரிமை சொல்லும் குறி) இட்டால் உதவுமா?

உங்கள் வளாகத்துக்குள் ஓரளவு. வெளி இணையத்தில் அந்த 6 பிட்டை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயமில்லை. தவிர, உங்கள் வரிசை நிற்பது கம்பியில் இல்லை.

கேள்வி: எல்லாம் சரியாக வைத்தும் மேல் வகுப்பு சில சமயம் தொங்குகிறது. பிராக்ஸியில் வரிசை காலி.

அப்படியானால் வரிசை டேட்டாபேஸ் பக்கம் போயிருக்கிறது. டேட்டாபேஸுக்கு எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் 20 இணைப்பு உள்ள பூலில் 19-ஐக் கீழ் வகுப்பின் கனமான அறிக்கைகள் பிடித்துக்கொண்டால், மேல் வகுப்பு உள்ளே வந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் அடிக்கடி ரீசெட் ஆனதும் இதே குடும்பத்துக் கோளாறுதான். வானிலைத் தகவல் சேர்க்கும் தாழ்ந்த பணி ஒரு பூட்டை வைத்திருந்தது, உயர்ந்த பணி அதற்காகக் காத்திருந்தது, நடுவில் ஒரு பணி வந்து சிபியுவை எடுத்துக்கொண்டது. பூட்டை வைத்திருப்பவருக்கே தற்காலிகமாக மேல் முன்னுரிமை கொடுக்கும் வசதியைப் பூமியிலிருந்து இயக்கித்தான் சரிசெய்தார்கள்.

உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூலை இரண்டாகப் பிரித்து, அறிக்கைகளுக்கு 5, மற்றவற்றுக்கு 15 கொடுங்கள். அறிக்கை வினவல்களுக்கு நேர வரம்பும் வையுங்கள். பிறகு தாங்கும் அளவைவிட 20 சதவீதம் கூடுதலாகச் சுமை ஏற்றி, வகுப்புவாரியாகப் பதில் நேரத்தின் 99-வது சதமானத்தை (நூற்றில் 99 கோரிக்கைகள் அதற்குள் முடியும் நேரம்) பாருங்கள். கீழ் வகுப்பில் 503 ஏறிக்கொண்டே போக, மேல் வகுப்பின் கோடு அசையாமல் கிடக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் இன்னும் எங்கோ ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது. அந்த வரைபடத்தோடு வாருங்கள், பார்க்கலாம்.