அப்பாவின் பாய்மரக் கப்பல் ஆசைக்கு

வணக்கம். லண்டனில் ஒரே நாள், அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் அவர் சிறுவயது முதல் ஆசைப்பட்ட பாய்மரக் கப்பலைக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். போர்ட்ஸ்மத்தில் உள்ள விக்டரி என்ற பழைய போர்க்கப்பல் வேண்டாம். படிகள் ரொம்பச் செங்குத்து. லண்டனின் கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க்குக்கே போங்கள். 1869-இல் கட்டிய தேயிலைக் கப்பல், லிஃப்ட் உண்டு.

மேல்தளம் பார்த்ததும் அப்பாவைக் கட்டாயம் கப்பலுக்கு அடியில் கூட்டிப்போங்கள். முழுக் கப்பலையும் சுமார் 3 மீட்டர் உயர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். முன்முனைக்குக் கீழே நின்று அண்ணாந்தால், அலையைக் கிழித்த அந்த ஒல்லியான வளைவு தலைக்கு மேலே பொன்னிறத் தகடுகளில் மின்னும். எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. உள்ளே இரும்புச் சட்டங்களையும் கவனியுங்கள்: வெள்ளை பூசியவை பழையவை, சாம்பல் நிறத்தவை பின்னால் சேர்த்தவை.

அப்புறம், இன்னொரு பயணம் அமைந்தால் வடகிழக்கு இங்கிலாந்தின் துறைமுக ஊரான ஹார்ட்டில்பூல். 1817-இல் பம்பாயில் தேக்கால் கட்டிய, திருகோணமலையின் பெயர்கொண்ட போர்க்கப்பல் அங்கே இன்னும் மிதக்கிறது.