ஆயிரம் அடி போதுமா?

கேள்வி: மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனேன். நடுக்கடலில் எங்களுக்குக் கீழே இன்னொரு விமானம் எதிர்த்திசையில் ‘விர்’ரென்று போனது. வாலில் இருந்த நிறம்கூடத் தெரிந்தது. இவ்வளவு நெருக்கமாக விடலாமா? மேகமாக இருந்திருந்தால்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மேகமாக இருந்திருந்தால் நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். பயணிகள் விமானம் கருவிகளை நம்பிப் பறக்கிறது. விமானி எட்டிப் பார்த்து விலகிக்கொள்வார் என்று நாங்கள் கணக்குப் போடுவதில்லை. இடைவெளி விடுவது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பொறுப்பு. நானும் அந்த நாற்காலியில் இருந்து ஓய்வுபெற்றவன்தான்.

நீங்கள் பார்த்தது ஆயிரம் அடி கீழே, சுமார் 300 மீட்டர். கிழக்கே போனால் 35, 37 ஆயிரம். மேற்கே வந்தால் 36, 38. இரண்டும் மணிக்கு 900 கி.மீ. என்றால் நொடிக்கு அரைக் கிலோமீட்டர் நெருங்கும். அந்த ‘விர்’ அதனால்தான். 2003 வரை இங்கே 29,000 அடிக்கு மேல் இரண்டாயிரம் அடி விட்டோம். உயரே போகப்போகக் காற்று மெலிந்துவிடும், பழைய உயரமானியை அவ்வளவு நம்ப முடியாது. கருவிகள் தேறியதும் பாதியாக்கினார்கள். முதல் சில வாரம் எனக்கே வயிற்றைக் கலக்கியது!

அவரவர் மட்டத்தில் போகிறவரை பயமில்லை. மட்டம் மாறும்போதுதான் வினை. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. 15,000 அடியில் நிற்கச் சொன்ன கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000-க்கு ஏறியிருந்த சவுதி விமானத்தில் மோதியது. 349 பேர். மோதல் எச்சரிக்கைக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது அதற்குப் பிறகுதான்.

உங்கள் வங்கக்கடல் வழி இன்னொரு தினுசு. நடுக்கடலுக்கு ரேடார் எட்டாது. என் காலத்தில் வெகுதூரம் எட்டும் எச்.எஃப். ரேடியோவின் கரகரப்புக்கு நடுவே, எந்தப் புள்ளியை எத்தனை மணிக்குத் தாண்டினோம், அடுத்தது எப்போது என்று விமானி சொல்வார். ‘ஸ்ட்ரிப்’ என்கிற காகிதப் பட்டையில் எழுதிப் பலகையில் செருகுவோம். ரேடார் இருந்தால் ஐந்து நாட்டிகல் மைல் (சுமார் 9 கி.மீ.) போதும்; இங்கே ஒரே மட்டத்தில் முன்பின்னாகப் போனால் அன்று பத்து நிமிடம் விட்டோம், ஏறக்குறைய 150 கி.மீ.

குலுங்குகிறது, 37,000 கொடுங்கள் என்பார் 35,000-இல் போகிற ஒருவர். 36,000-இல் எதிரே ஒருவர் வந்துகொண்டிருப்பார். இருவரும் கடந்துவிட்டது பட்டையில் உறுதியாகும்வரை என் பதில் “ஸ்டாண்ட்பை”, அதாவது பொறுங்கள் என்பதுதான். அதுவரை உள்ளே குலுங்கியவர்கள் விமானியைத் திட்டியிருப்பார்கள். அந்தத் திட்டெல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியது.