இந்தோனேசிய பேட்மிண்டன் வீரர் தௌபிக் ஹிதாயத், இங்கிலாந்தில் நடக்கும் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்து பட்டத்தை ஒருமுறைகூட வெல்லவில்லையே, அவரை ஏன் மாபெரும் வீரர் என்கிறார்கள்?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் முந்தைய தலைமுறை இந்தோனேசிய வீரர் ரூடி ஹர்தோனோவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். 1968 முதல் 1974 வரை தொடர்ந்து ஏழு முறை, 1976இல் மீண்டும் ஒருமுறை என எட்டு ஆல் இங்கிலாந்து பட்டங்களை வென்றவர் அவர். தௌபிக் இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போனார். 1999இல், 17 வயதில், டென்மார்க்கின் பீட்டர் கேடிடம் தோற்றார். அடுத்த ஆண்டு சீனாவின் சியா சுவான்சேயிடம் தோற்றார். அதற்குப் பிறகு அந்தப் பட்டம் அவருக்குக் கைகூடவே இல்லை.

ஆனால் ரூடி ஆடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். உலக சாம்பியன்ஷிப் போட்டி தொடங்கியதே 1977இல்தான். ஒலிம்பிக்கில் பேட்மிண்டனுக்குப் பதக்கம் தரத் தொடங்கியது 1992இல். உலகிலேயே சிறந்தவர் யார் என்பதை அன்று ஆல் இங்கிலாந்துதான் முடிவு செய்தது. தௌபிக்கின் தலைமுறைக்கு அந்த மேடை மாறிவிட்டது. மாறிய மேடையில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதுதான் நியாயம்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் முதல்நிலை வீரராக இறங்கி, காலிறுதியில் சீனாவின் ஜி சின்பெங்கிடம் தோற்று வெளியேறினார். நான்கு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் தென்கொரியாவின் ஷோன் சியுங் மோவை 15-8, 15-7 என்று வீழ்த்தித் தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான். பதக்க மேடையில் அவர் கண்ணீர் விட்டது அந்த நாட்டு ரசிகர்களுக்கு மறக்காத காட்சி.

ஏதென்ஸில் அன்று உலகின் முதல்நிலை வீரராக இருந்த சீனாவின் லின் டான் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார், அதனால்தான் தௌபிக் வென்றார் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு 2005இல் அமெரிக்காவின் அனஹைமில் பதில் கிடைத்தது. உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் அதே லின் டானை 15-3, 15-7 என்று தோற்கடித்தார். ஒலிம்பிக் தங்கத்தையும் உலகப் பட்டத்தையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்த முதல் ஆண்கள் ஒற்றையர் வீரர் ஆனார். 15-3 என்ற கணக்கை எண்ணி எண்ணி வியக்கிறேன். எதிரில் நின்றவர் பின்னாளில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர்!

இவற்றுக்கெல்லாம் மேலாக, புறங்கை முன்னே வர அடிக்கும் பேக்ஹேண்டுக்காகவே தௌபிக்கைக் கொண்டாடுகிறேன். வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கப் பின்மூலையில் விழும் பந்துதான் பெரிய தலைவலி. முடிந்தவரை ஓடிப்போய், உடலை வளைத்து, தலைக்கு மேலே ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கை முன்னே வரும்படி அடி என்றுதான் பயிற்சியாளர்கள் சொல்லித் தருவார்கள். அதற்கு நேரம் இல்லாவிட்டால் வலைக்கு முதுகைக் காட்டி பேக்ஹேண்டில் எப்படியாவது திருப்பி அனுப்ப வேண்டும். அப்படி வரும் பந்தில் வேகம் இருக்காது என்று தெரிந்து எதிராளி இரண்டடி முன்னால் வந்து காத்திருப்பார். தௌபிக்கிடம் இந்தக் கணக்கு செல்லாது. முதுகைக் காட்டியபடியே, முன்கையின் சுழற்சியாலும் கடைசி நொடியில் விரல்களை இறுக்குவதாலும், அங்கிருந்தே ஸ்மாஷ், அதாவது கீழ்நோக்கிய அதிவேக அடி, அடிப்பார். அதே அசைவில், வலையருகே மெல்ல விழும் டிராப் ஒன்றையும் குறுக்காகப் போடுவார். இரண்டில் எது வரும் என்று பந்து கிளம்பும்வரை தெரியாது. மற்றவர்கள் தப்பிப்பதற்காக ஆடிய அடியை அவர் தாக்குவதற்காக ஆடினார். ஃபோர்ஹேண்டிலும் பலத்துக்குக் குறைவில்லை: 2006 உலக சாம்பியன்ஷிப்பில் அவர் அடித்த ஒரு ஸ்மாஷ் மணிக்கு 305 கிலோமீட்டர் வேகத்தில் பதிவானது.

குறையும் இருந்தது. எல்லாப் போட்டிகளையும் ஒரே தீவிரத்தோடு அவர் ஆடவில்லை. நடுவர் தீர்ப்புப் பிடிக்காமல் களத்தைவிட்டு வெளியேறியிருக்கிறார். பயிற்சியாளர் முல்யோ ஹந்தோயோ சிங்கப்பூருக்குப் போனபோது தானும் பின்னாலேயே போய், பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பினார். 2006இல் புள்ளி எண்ணும் முறையும் மாறியது. சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறையில், கவனம் சிதறிய சில நிமிடங்களைப் பிறகு சரிக்கட்ட இடம் இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்றானபின் அந்த இடம் சுருங்கிவிட்டது. இது தௌபிக் போன்றவரை அதிகம் பாதித்தது என்பது என் கணிப்பு. இத்தனைக்கும் புதிய முறையிலேயே அந்த ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் லின் டானை நேர் கேம்களில் வென்று, 2002 பூசானில் பெற்ற தங்கத்தைத் தக்கவைத்தார். சொந்த மண்ணில் இந்தோனேசிய ஓப்பன் பட்டத்தை ஆறு முறை வென்றார். 2010இல் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பிலும் இறுதிவரை வந்து சீனாவின் சென் ஜின்னிடம் தோற்றார்.

2013இல் ஜகார்த்தாவில் அவர் ஆடிய கடைசி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தவர் நம் இந்திய வீரர் சாய் பிரணீத். பின்னர் 2017இல் முல்யோ ஹந்தோயோ இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். சாய் பிரணீத் சிங்கப்பூர் ஓப்பன் வென்றது அந்த ஆண்டில்தான்.

ஆல் இங்கிலாந்தைப் பொறுத்தவரை, 1994இல் ஹரியாந்தோ அர்பி வென்ற பிறகு 2024இல் ஜொனாதன் கிறிஸ்டி வெல்லும்வரை எந்த இந்தோனேசியரும் அதில் ஆண்கள் ஒற்றையர் பட்டம் பெறவில்லை. அந்த முப்பது ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கத்தையும் உலகப் பட்டத்தையும் சேர்த்து வென்ற இந்தோனேசிய ஒற்றையர் வீரர் தௌபிக் மட்டும்தான்.

சந்தேகம் தீரவில்லை என்றால் அனஹைம் இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். லின் டான் இடப்பக்கப் பின்மூலைக்குப் பந்தை அனுப்பும் ஒவ்வொரு முறையும் தௌபிக்கின் கையை மட்டும் கவனியுங்கள்.