50,000 ரூபாய் சீட் மணிக்கு விண்ணப்பிப்பது வீண் வேலையா?

கேட்டிருப்பது இது: "ஈரோடு பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். கல்லூரியே ஆராய்ச்சிக்குத் தொடக்க நிதியாக (சீட் மணி) 50,000 ரூபாய் தருகிறது, ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும். இதை வைத்து என்ன செய்ய முடியும்?"

வீண் வேலை இல்லைங்க. ஆனால் ஐந்து லட்சத்துக்கான ஆராய்ச்சியைச் சுருக்கி ஐம்பதாயிரத்தில் செய்யப் பார்த்தால் வீணாகத்தான் போகும். இந்தப் பணம் ஒரே ஒரு கேள்விக்கானது. வருடக் கடைசியில் உங்கள் கையில் ஓர் அட்டவணை இருக்க வேண்டும். சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கு நிதி தரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். போன்ற பெரிய இடத்துக்கு எழுதும்போது "முதற்கட்டத் தரவு" என்று வைக்க அந்த அட்டவணை போதும்.

நீங்கள் சுயநிதிப் பிரிவில் இருக்கிறீர்கள், வாரத்துக்குப் பதினாறு பதினெட்டு மணி நேரம் வகுப்பு என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கருவி வாங்கவே வாங்காதீர்கள். ஐம்பதாயிரத்துக்குக் கிடைக்கும் கருவி அளவுத்திருத்தம் இல்லாமல் ஒரு வருடத்தில் அலமாரிக்குப் போய்விடும், இருப்புப் பதிவேட்டில் மட்டும் உங்கள் பெயரில் நிற்கும். அளப்பதை வெளியே கொடுங்கள். கோவையில் 1956 முதல் இருக்கும் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) நூலையும் துணியையும் சோதித்துத் தருகிறது. நீர், மண், உலோகம் பார்க்க என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கூடங்கள் இருக்கின்றன. பட்ஜெட்டை "சோதனைக் கட்டணம் 30,000" என்று மொத்தமாகப் போடாமல், மாதிரி எண்ணிக்கையிலிருந்து கட்டி எழுப்புங்கள்.

நொய்யல் நீரில் உலோகம் பார்க்கிறீர்கள் என்று ஒரு கணக்கு. எட்டு இடம், இடத்துக்கு மூன்று மாதிரி, ஆக 24. இதோடு நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். கள வெற்று மாதிரி (தூய நீரைக் களத்துக்குக் கொண்டுபோய் அதே முறையில் நிரப்புவது) இரண்டும் இரட்டை மாதிரி (அதே இடத்தில் இன்னொரு முறை எடுப்பது) இரண்டும் சேர்த்து 28 என்று போட வேண்டும். அது இல்லாவிட்டால், அந்தக் குரோமியம் ஆற்றிலிருந்து வந்ததா பாட்டிலிலிருந்து வந்ததா என்று கேட்பவருக்குப் பதில் இருக்காது. கொட்டேஷன் மாதிரிக்கு ஆயிரம் என்று வந்தால் (கணக்குக்காகச் சொல்கிறேன், கட்டணம் கூடத்துக்குக் கூடம் மாறும்) 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180. இருபத்தெட்டுக்கு 33,040. ஜி.எஸ்.டி.யை மறந்திருந்தால் இங்கேயே 5,040 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும். இரண்டு நாள் வண்டிக்கு 7,000, பாட்டில், நைட்ரிக் அமிலம், வடிதாள், ஐஸ் பெட்டிக்கு 5,000. மீதி 4,960 எதிர்பாராத செலவுக்கு. அரசு நிதி பெறும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு முன்பு இருந்த 5% சலுகை ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18-லேயே போய்விட்டது. பழைய விண்ணப்பத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கிறவர்கள் இன்னும் அதைப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

மாதிரி எடுப்பதிலும் பணம் பாழாகும். கரைந்த உலோகம் வேண்டுமானால் 0.45 மைக்ரான் வடிதாளில் அங்கேயே வடித்துவிட்டு, அதன் பிறகுதான் அமிலம் விட வேண்டும், பி.எச். 2-க்குக் கீழே. வடிக்காமல் அமிலம் விட்டால் வண்டலில் ஒட்டியிருக்கும் உலோகமும் கரைந்து வந்து எண்ணை ஏற்றிவிடும். பாட்டிலை முந்தின இரவே 10% நைட்ரிக் அமிலத்தில் ஊற வையுங்கள். கரைந்த உப்புக்கு அமிலம் விடாத தனிப் பாட்டில் வேண்டும். பி.ஓ.டி.யும் (நீரிலுள்ள கரிம மாசைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பார்ப்பதானால் வெள்ளிக்கிழமை எடுக்காதீர்கள். அன்றே கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டிய மாதிரி சனி, ஞாயிறு பூட்டிய கதவுக்கு வெளியே கிடக்கும். திங்கள் எடுத்தால், 27 டிகிரியில் மூன்று நாள் முறைப்படி வியாழனன்று முடிவு கிடைக்கும்.

இனி நாள்காட்டி. நம் பக்கத்து ஆராய்ச்சியைக் கெடுப்பதில் பாதி இதுதான். நொய்யலின் மேற்பகுதிக்குத் தென்மேற்குப் பருவத்தில் வெள்ளியங்கிரி மலையிலிருந்து தண்ணீர் வரும். கீழே திருப்பூர், ஒரத்துப்பாளையம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. ஜனவரியில் பணம் கொடுத்து மார்ச்சில் கணக்குக் கேட்டால் நீங்கள் அளப்பது ஆற்றை அல்ல, சாக்கடையை. மஞ்சளும் அப்படித்தான். மே, ஜூனில் நட்டால் ஜனவரிக்கு மேல்தான் வெட்டு. ஆகஸ்டில் அனுமதி வந்தால் அந்த வருடம் வயல் சோதனை கிடையாது. ஆகவே விண்ணப்பத்தில் "முதல் மாதம், இரண்டாம் மாதம்" என்று போடாமல் ஆடி, ஐப்பசி, தை என்று பருவத்தைச் சொல்லுங்கள். பணம் தாமதித்தால் எந்த மாதிரி தவறும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பின்னால் கால நீட்டிப்புக் கேட்க அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். ஏப்ரல், மே முழுக்க ஆசிரியர்களை அட்மிஷன் பிடிக்க ஊர் ஊராக அனுப்புகிற வழக்கம் இங்கே பல இடங்களில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டு வாசலில் நோட்டீஸோடு முனைவர் பட்டம் வாங்கியவர் நிற்கிறார். வகுப்பு இல்லாத, களத்துக்குப் போகக்கூடிய இரண்டே மாதம் அப்படியே போய்விடுகிறது. "பிள்ளைகள் சேர்ந்தால்தானே சம்பளம்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜூன் மாதம் "எத்தனை கட்டுரை?" என்று கேட்பதும் அதே ஆசிரியரைத்தான். இது நியாயமே இல்லை. எந்தக் கல்லூரியையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

தமிழ், வரலாறு, காட்சித் தொடர்பியல் துறைக்காரர்கள் இது அறிவியல்காரர்களுக்கான பணம் என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். உடுக்கடிப் பாட்டையோ பவானி ஜமுக்காளக் குழித்தறியையோ பதிவு செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடையாது. "படைப்பு" என்று எழுதினால் பணம் ஒதுக்கும் குழு தயங்கும். "ஆவணப்படுத்தல்" என்று எழுதி, எத்தனை மணி நேரப் பதிவு, எத்தனை பக்க எழுத்துவடிவம், எங்கே வைக்கப்படும் என்று எண்ணிச் சொன்னால் தயங்காது. இது ஏமாற்று அல்ல. வேலை அதுதான், பெயரைச் சரியாகச் சொல்கிறோம்.

ஒலிப்பதிவுக் கருவியை வாடகைக்கு எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும், விடிய விடிய எட்டு மணி நேரம் பாடினால் எட்டு ஜிபிக்குச் சற்று மேல். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டும் வேறு வேறு கட்டடத்தில். உடுக்கை அடி திடீரென்று ஏறும், அதனால் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை இறக்கி வையுங்கள். வெடித்துப்போன ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு மைக்கில் ரோம உறை இல்லாமல் வெளியே பதிவே செய்ய முடியாது. நோம்பி (ஊர்க் கோயில் திருவிழா) மாசியில் தொடங்கிச் சித்திரை வரை போகும், நடுவில் மார்ச் 31 வந்து நிற்கும். சித்திரைச் செலவைப் பழைய வருடத்தில் காட்ட முடியாது. எனவே பட்ஜெட்டை இரண்டு நிதியாண்டாகப் பிரித்தே போடுங்கள்.

பாடுகிறவரிடம் ஜி.எஸ்.டி. பில் கேட்டு அவமானப்படுத்தாதீர்கள். பெயர், ஊர், தேதி, என்ன வேலை, எவ்வளவு என்று எழுதிய வவுச்சர் போதும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. பதிவை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்பதைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, தனித் தாளில் ஒப்புதல் வாங்குங்கள். அந்தத் தாளை வவுச்சரோடு கலக்காதீர்கள். காசு வாங்கிய கையெழுத்தும் சம்மதம் தந்த கையெழுத்தும் ஒன்றல்ல.

பில் விஷயம் துறை எதுவானாலும் ஒன்றே. அனுமதி ஆணையின் தேதிக்கு முந்தைய பில் செல்லாது. பில் கல்லூரி பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் அல்ல. பொருளானால் பின்பக்கத்தில் இருப்புப் பதிவேட்டுப் பக்க எண். பயணத் தலைப்பில் மிஞ்சியதை ரசாயனத்துக்குத் திருப்ப முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், பிறகு கேட்டால் உங்கள் கைக்காசு. கொட்டேஷன்கள் பெரும்பாலும் முப்பது நாள்தான் செல்லும், குழு கூடுவதற்குள் காலாவதியாகிவிடும். வாங்கும்போதே தொண்ணூறு நாள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

குழுவில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இருந்தால் அதிகம். முதல் பத்தியை வணிகவியல் பேராசிரியருக்கும் புரியும்படி எழுதுங்கள். நோக்கம் ஐந்து போடாதீர்கள், ஒன்று போதும். இயந்திரக் கற்றல் தேவைப்படாத இடத்தில் அதைச் செருகாதீர்கள். 28 மாதிரியை வைத்து அதை ஓட்டினால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள்.

ஆணை எண்ணும் தேதியும் உள்ள அனுமதிக் கடிதம் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். "செய்யுங்க, பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் எதற்குச் செலவானது என்ற கணக்குச் சான்று) தர முடியாது. கேட்கத் தயங்கவும் வேண்டாம். கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் தன்னாட்சிக் கல்லூரிகள் சீட் மணிக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது, அந்தக் கடிதம் உங்களைவிடக் கல்லூரியின் உள்தரக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.க்குத்தான் அதிகம் தேவை. ஒரு நகலை வீட்டில் வையுங்கள். கல்லூரி மாறினாலும் அடுத்த விண்ணப்பத்தில் அந்த ஆணை எண் உங்களோடு வரும்.