ஸ்பானிய மொழியில் ஏவல்: ‘மீர’ என்பதா, ‘மீரெ’ என்பதா?

கேள்வி: ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கியிருக்கிறேன். ‘பார்’ என்று சொல்ல ஒரு பாடத்தில் ‘மீர’ என்றும் வேறொரு பாடத்தில் ‘மீரெ’ என்றும் இருக்கிறது. எது சரி? ஒழுங்கான வினைகளை ஏவலாக மாற்றுவதற்குப் பொதுவிதி உண்டா?

பதில்: இரண்டும் சரியே, முன்னது ‘பார்’, பின்னது ‘பாருங்கள்’. அழுத்தம் விழும் அசையை இங்கே நெடிலாக எழுதுகிறேன்; வாசிக்கும்போது அதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஸ்பானிய வினைகளின் அகராதி வடிவம் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று ஈறுகளில் ஒன்றைக் கொண்டு முடியும். மிரார் (பார்த்தல்), கொமேர் (உண்ணுதல்), சுபீர் (ஏறுதல்) ஆகிய மூன்றை எடுத்துக்கொள்வோம். ‘தூ’, அதாவது ‘நீ’ என்று அழைக்கத்தக்கவரிடம் பேசும்போது, ஈற்றை நீக்கிவிட்டு ஆர் வினைக்கு ‘அ’வும், மற்ற இரண்டு வகைக்கும் ‘எ’யும் சேர்த்தால் போதும்: மீர, கோமெ, சூபெ. ‘அவன் பார்க்கிறான்’ என்பதற்கும் ‘மீர’தான், ஏவலா, கூற்றா என்பதைச் சூழலும் குரலும் காட்டிவிடும்.

‘உஸ்தேத்’ என்று மரியாதையோடு பேசும்போது இந்த இரண்டு உயிர்களும் இடம் மாறிக்கொள்கின்றன: மீரெ, கோம, சூப. பேருந்துப் படியருகே நிற்கும் முதியவரிடம் ‘சூப’ என்றும், அவர் கையைப் பிடித்திருக்கும் பேரனிடம் ‘சூபெ’ என்றும் சொல்ல வேண்டும். மரியாதை முழுவதும் அந்த ஈற்றுயிரில்தான் இருக்கிறது. அதை விழுங்காமல் தெளிவாக ஒலிக்க வேண்டும்.

உண்மையில் இந்த மரியாதை வடிவம் ஏவலுக்கென்றே பிறந்ததன்று. விருப்பத்தையும் வேண்டுகோளையும் உணர்த்தும் வினைவடிவத்திலிருந்து எடுத்தாளப்படுவது. நம் இலக்கணத்தில் ‘வருக’, ‘காண்க’ என்னும் வியங்கோள் செய்யும் வேலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ‘பார்ப்போம்’ என்னும் பொருள்படும் ‘மிரேமொஸ்’ஸும் அதே வடிவத்திலிருந்து வருவதே.

பலரிடம் பேசும்போது மரியாதை வடிவத்தோடு ‘ன்’ சேரும்: மீரென், கோமன், சூபன். லத்தீன் அமெரிக்காவில் நண்பர் கூட்டத்துக்கும் இதுவே. ஸ்பெயினில் மட்டும் நெருங்கியவர் பலரை ஏவ மிராத், கொமேத், சுபீத் என்ற தனி வடிவம் உண்டு. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ வழங்குவதால், அழுத்தம் கடைசி அசைக்குச் சென்று மிரா, கொமே, சுபீ என்றாகும்.

எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. தேடுதலைக் குறிக்கும் ‘புஸ்கார்’, ‘பூஸ்கெ’ ஆகும்போது ககர ஒலியைக் காக்க ‘சி’ என்ற எழுத்து ‘க்யூ, யு’ என்ற இரண்டாக மாறும். ‘என்னை’, ‘அதை’ போன்ற சொற்கள் ஏவலின் பின்னே ஒட்டிக்கொள்ளும்: மீரமெ (என்னைப் பார்), கோமெலொ (அதைச் சாப்பிடு). அப்போதும் அழுத்தம் பழைய அசையிலேயே நிற்பதால், அந்த உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இட வேண்டும்.

கற்பவர்கள் ‘உஸ்தேத்’ வடிவத்தை முதலில் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. கடையிலும் அலுவலகத்திலும் அறிமுகமில்லாதவரிடம் அது தவறாகாது. கொலம்பியாவின் பொகோதா பகுதியில் குடும்பத்தினரிடம்கூட அதையே சொல்வோர் பலர். எதிரிலிருப்பவரே ‘தூ’ என்று பேசத் தொடங்கினால், நீங்களும் தயங்காமல் ‘மீர’வுக்கு மாறிக்கொள்ளலாம்.