ஃப்ரீசரில் படியும் பனி

கேள்வி: எங்கள் வீட்டு நெட்டுக்குத்து ஃப்ரீசரின் தட்டுகளில் அடிக்கடி பனி இறுகிவிடுகிறது. கத்தியால் சுரண்டி எடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கூடவே கூடாது, அம்மா. இவ்வகை ஃப்ரீசர்கள் பலவற்றில் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் தட்டுகளிலேயே அமைந்திருப்பதால், கத்தி ஒருமுறை வழுக்கினாலும் குழாயில் துளை விழுந்து, வாயு வெளியேறி, பெட்டியே பயனற்றுப் போகக்கூடும். பனி அரை சென்டிமீட்டர் தடிமனை எட்டியதும் மின் இணைப்பைத் துண்டித்து, உணவுப் பொருள்களை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, கதவைத் திறந்துவைத்தால் பனி தானாகவே இளகிவிடும். அவசரமென்றால் உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைக்கலாம். அடிக்கடி படிவதற்குப் பெரும்பாலும் கதவின் ரப்பர் பட்டையே காரணம். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி உருவிக்கொண்டு வந்தால், அங்கேதான் ஈரக்காற்று நுழைகிறது. பட்டையைச் சோப்பு நீரால் துடைத்தும் சரியாகாவிட்டால் மாற்றிவிடுங்கள். வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருந்தால் போதும்.